கடவுளின் சினம்

கடவுள் சினம் கொள்வாரா? சினப்பவர் நல்லவராக இருக்க முடியுமா? கிறித்தவத்தை நோக்கி இன்றும் கேட்கப்படும் இக்கேள்வி, 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆசிரியரை ஒரு முழு நூல் எழுதவைத்தது.

அவர் லாக்டான்டியஸ். வட ஆப்பிரிக்காவில் பிறந்து, உரோமைப் பேரரசன் டயோக்ளீஷியனின் அழைப்பில் நிக்கோமீடியாவில் சொற்கலை கற்பித்தவர். 303இல் அந்நகரத் தேவாலயம் இடிக்கப்பட்டது. கிறித்தவர்கள்மீதான பெருங்கொடுமை தொடங்கியது. அவரும் தம் பதவியை இழந்தார். அக்கொடுமை ஓய்ந்த காலத்தையொட்டி எழுதப்பட்டதே 'கடவுளின் சினம்' என்னும் இலத்தீன் நூல்.

கடவுளுக்கு அருளுமில்லை, சினமுமில்லை என்றனர் எபிக்கூரியர். அருள் மட்டுமே உண்டு என்றனர் ஸ்டோயிக்கர். லாக்டான்டியஸ் இரண்டையும் மறுத்தார். நன்மையை நேசிப்பவர் தீமையை வெறுத்தே ஆகவேண்டும். வெறுக்காதவருடைய நேசத்துக்குப் பொருளில்லை. பழிவாங்கத் துடிக்கும் சினம் வேறு, தீமையைத் திருத்தும் சினம் வேறு. தண்டனை தாமதமாவதும் மனந்திரும்பக் கால இடம் தரும் பொறுமையே என்றார்.

சமயத்தை வாளால் திணிக்கலாகாது என்று எழுதியவரும் இவரே. ஆனால் கொடுமை செய்த மன்னர்களின் சாவை விவரிக்கும் அவரது மற்றொரு நூலில் ஒரு மனநிறைவு ஒலிக்கிறது. தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுவது எவ்வளவு கடினம் என்பதை அவரது தருக்கத்தைவிட அந்நூலே நமக்கு நன்றாக உணர்த்துகிறது. ஆயினும், வதைபட்டவனின் கண்ணீரைக் கண்டும் சினவாத கடவுளை அவன் எதற்காக வணங்கவேண்டும்?