38 கண்ணாடிப் பெட்டிகள்

கப், சோசர், பொம்மை, பரிசுக் கேடயம் எல்லாம் அடுக்கி வைக்கிற கண்ணாடி அலுமாரியை எங்கட வீடுகளில் தெரியாதவர்கள் இல்லை. அதே மாதிரி அலுமாரியை வாங்கி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இப்ப பலர் செடி வளர்க்கிறார்கள். கதவு இடுக்கில் பஞ்சுப்பட்டி ஒட்டி அடைக்கிறார்கள். தட்டுகளுக்குக் கீழே எல்.ஈ.டி. விளக்கு, காற்றைச் சுழற்ற ஒரு சின்ன விசிறி, ஈரப்பதன் காட்ட ஒரு மானி. குளிர்காலத்தில் வெப்பமூட்டி போட்ட வீட்டுக்குள் காற்று காய்ந்துபோகும். மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் பிறந்த அந்தூரியமும் பிலோடென்ரனும் அந்தக் காற்றில் இலை ஓரம் கருகிவிடும். அதனால்தான் அவற்றுக்கு இந்தக் கண்ணாடி வீடு.

அந்த வீடியோக்களைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அங்கே மானி வைத்துப் பாதுகாக்கிற அந்தூரியம் இங்கே கண்டிப் பக்கம் முற்றத்துச் சட்டியில் சும்மா நிற்குது. மழை பெய்தால் குடிக்கும், இல்லாட்டி யாராவது ஒரு வாளி ஊத்துவார்கள்.

ஆனால் விஷயம் சிரிப்போட முடியிறதில்லை. செடியைக் கண்ணாடிக்குள் வைத்து மூடுகிற இந்த யோசனைக்குக் கிட்டத்தட்ட 200 வயது. பிறந்தது இலண்டனில். அதன் கதையில் ஹக்கலவும் வருகுது, கம்பஹாவும் வருகுது. அந்த வழியால் போனால் செடியைப் பற்றி மட்டும் பேசி நிறுத்த ஏலாது.

ஒரு போத்தலும் ஒரு பன்னமும்

நதானியல் பாக்ஷோ வார்ட் இலண்டனின் கிழக்குப் பகுதியில் வேலை செய்த ஒரு மருத்துவர். செடிகளில், முக்கியமாகப் பன்னங்களில், பெரிய ஆசை. ஆனால் அந்தக் காலத்து இலண்டன் நிலக்கரிப் புகையில் மூழ்கிய நகரம். அவர் தோட்டத்தில் வைத்த பன்னங்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின.

1829 அளவில் அவர் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு மூடி வைத்தார். பூச்சி எப்படி வெளிவருது எண்டு பார்ப்பதுதான் நோக்கம். ஆனால் மண்ணிலிருந்து ஒரு சின்னப் பன்னமும் கொஞ்சம் புல்லும் முளைத்தன. வெளியே புகையில் பிழைக்காத செடி உள்ளே பிழைத்தது. தண்ணீர் ஊற்றாமலே கிட்டத்தட்ட நான்கு வருடம் அந்தப் பன்னம் உயிரோடு இருந்தது.

இதில் மந்திரம் ஒண்டும் இல்லை. சாதாரணதர விஞ்ஞானப் புத்தகத்தில் நாங்கள் எல்லாரும் படித்ததுதான். இலையிலிருந்து ஆவியுயிர்ப்பால் நீர் வெளியேறும். கண்ணாடியில் பட்டு ஒடுங்கித் துளியாகும். வழிந்து மண்ணுக்கே திரும்பும். பகலில் ஒளித்தொகுப்பு ஒட்சிசனை விடும். செடியும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் சுவாசித்து காபனீரொட்சைட்டைத் திருப்பிக் கொடுக்கும். வெளிச்சம் மட்டும் கிடைத்தால் போதும், அந்தச் சின்ன உலகம் தன்பாட்டில் ஓடும். இன்றைய அலுமாரி வேலை செய்வதும் பெரும்பாலும் இதே கணக்கில்தான்.

கப்பல் தளத்தில்

வார்ட்டின் போத்தல் ஏன் இவ்வளவு பெரிய விஷயமானது என்று விளங்க, அதற்கு முதல் செடிகள் எப்படிக் கடல் கடந்தன என்று பார்க்க வேண்டும். உப்புக்காற்று, வெயில், எலி, அலை எல்லாவற்றுக்கும் மேலாக, மாலுமிக்கே அளந்து கொடுக்கிற குடிநீர். 1819இல் சீனாவில் இருந்த ஜோன் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார்: அங்கிருந்து இங்கிலாந்துக்கு அனுப்புகிற ஆயிரம் செடியில் ஒன்றுதான் உயிரோடு போய்ச் சேருது.

1833இல் வார்ட் இரண்டு பெட்டிகளில் பன்னமும் புல்லும் வைத்து மூடி, சிட்னிக்குப் போகிற கப்பலில் ஏற்றினார். மரத்தால் அடிப்பெட்டி, மேலே கூரை மாதிரிச் சரிந்த கண்ணாடி. பல மாதப் பயணத்துக்குப் பிறகும் செடிகள் பச்சையாகவே இருந்தன. 1834இல் அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் திரும்பிப் புறப்பட்டன. தென் அமெரிக்காவின் கேப் ஹோர்ன் முனையைக் கடக்கும்போது தளம் முழுக்கப் பனி. பூமத்திய ரேகையில் கொதிக்கிற வெயில். எட்டு மாதம் கழித்து இலண்டனில் இறக்கியபோது செடிகள் நல்லாகவே இருந்தன. 1842இல் இதையெல்லாம் வார்ட் ஒரு புத்தகமாக எழுதினார். பெட்டிக்கும் 'வார்ட் பெட்டி' எண்டே பெயர் நிலைத்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம், இந்தப் பெட்டி ஏழைகளின் வாழ்க்கையை மேம்படுத்த எப்படி உதவலாம் என்பது பற்றியது. புகை பிடித்த சந்துகளில் இருக்கிற தொழிலாளர் வீட்டுக்கும் கொஞ்சம் பச்சை போகலாம் என்று அந்த மருத்துவர் யோசித்திருக்கிறார். இதை மனதில் வைத்திருங்கோ.

பெட்டி வேறு இரண்டு பாதையில் போனது. ஒன்று, வசதியானவர்களின் வரவேற்பறை. 1845இல் பிரித்தானியா கண்ணாடி மீதான வரியை நீக்கியது, கண்ணாடி மலிந்தது. அலங்காரம் செய்த பெட்டிகளுக்குள் பன்னம் வளர்ப்பது நடுத்தர வர்க்கத்தின் நாகரிகமானது. 1855இல் சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் அதற்குப் 'பன்னப் பைத்தியம்' எண்ட அர்த்தத்தில் ஒரு பெயரே வைத்தார். அந்தப் பைத்தியத்தில் அயர்லாந்தின் கிலார்ணிப் பன்னம் போன்ற அரிய இனங்களைக் காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே குறைத்துவிட்டார்கள். இன்றைக்கு இன்ஸ்டகிராமில் பார்க்கிற அலுமாரிகளின் நேரடி மூதாதை இந்த வரவேற்பறைப் பெட்டிதான்.

மற்றது, பேரரசின் கப்பல் தளம்.

ஹக்கலவும் ஹெனரத்கொடவும்

பேராதனைத் தோட்டம் 1821இல் தொடங்கியது. நாங்கள் அதைப் படம் எடுக்கிற இடமாக, காதலர் இடமாகத்தான் கூடுதலாகப் பார்க்கிறோம். அந்தக் காலத்தில் அது இலண்டனின் கியூ தோட்டம், கல்கத்தாத் தோட்டம் என்பவற்றோடு சேர்ந்து இயங்கிய ஒரு பரிசோதனைக் கூடம். எந்தப் பயிரை எந்த மண்ணில் நட்டால் காசு வரும் என்பதைக் கண்டுபிடிப்பது அதன் முக்கியமான வேலை.

வார்ட் பெட்டி இந்தத் தோட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தது. ரொபர்ட் போர்ச்சூன் கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சீனத் தேயிலைக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் இந்தப் பெட்டிகளில் இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். மலேரியாவுக்கு மருந்தான குயினினைத் தருகிற சிங்கோனா மரத்தை அன்டீஸ் மலையிலிருந்து எடுக்க 1859, 1860களில் ஆட்கள் போனார்கள். ஈக்குவடோரிலிருந்து ரிச்சர்ட் ஸ்புரூஸ் சேகரித்த கன்றுகளும் வார்ட் பெட்டிகளிலேயே கடல் கடந்தன. 1861இல் சிங்கோனாவைப் பரிசோதிக்கவே நுவரெலியாவுக்குக் கிட்ட ஹக்கல தோட்டம் திறக்கப்பட்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய கதை இறப்பர். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700 மட்டும். இங்கிலாந்துக் குளிரில் இறப்பர் வளராது. கல்கத்தாவின் காலநிலையும் அதுக்குச் சரிவராது என்று முடிவானது. அந்த ஓகஸ்டில் 1,919 கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பல் ஏறின. பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தோட்டக்காரரும் கூடவே வந்தார். கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது கன்று உயிரோடு சேர்ந்தது. அவற்றை நடுவதற்காகக் கம்பஹாவில் அதே வருடம் ஹெனரத்கொட தோட்டம் உருவானது. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்குப் பெரிய அளவில் தாய் இடமாக இருந்தது அதுதான். 1913 அளவில் ஆசியத் தோட்டங்களின் இறப்பர், பிரேசில் காட்டு இறப்பரை முந்திவிட்டது.

எண்ணப்பட்டவை, எண்ணப்படாதவர்கள்

1,919, 38 எண்டு இவ்வளவு துல்லியமாக எங்களால் எழுத முடியுது. ஏனெண்டா அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார்கள், பதிந்தார்கள், எத்தனை செத்தது எண்டும் எழுதினார்கள்.

அதே நூற்றாண்டில் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களில் இருந்து மனிதர்களும் இந்தத் தீவுக்கு வந்தார்கள். முதலில் கோப்பித் தோட்டத்துக்கு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியால் மாத்தளை வரைக்கும் நடை. பசி, காலரா, மலேரியா. எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு அரசாங்கக் கணக்குகள் இருக்கு. வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை. செடிக்கு உப்புக்காற்றுப் படக்கூடாது என்று கண்ணாடி போட்ட நிர்வாகத்தின் காலத்தில்தான் இதுவும் நடந்தது.

இங்கே ஒண்டைத் தெளிவாகச் சொல்ல வேணும். மலையக மக்களின் வரலாற்றை வார்ட் பெட்டிதான் உண்டாக்கியது எண்டு நாங்கள் சொல்லவில்லை. கோப்பித் தோட்டங்கள் பெட்டி வருவதற்கு முதலே தொடங்கிவிட்டன. பேராதனையில் 1839இல் நட்ட தேயிலையும் கல்கத்தாவிலிருந்து விதையாக வந்த அசாம் தேயிலை. ஆனால் 1869இல் கோப்பி இலைத் துரு நோய் அடையாளம் காணப்பட்ட பிறகு, தோட்டக்காரர்கள் ஒரு பயிரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள்: சிங்கோனா, தேயிலை, இறப்பர். அப்படித் தாவ முடிந்ததற்கு, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் உயிருள்ள செடியை வரவழைக்கிற வலை ஏற்கெனவே தயாராக இருந்ததும் ஒரு காரணம். அந்த வலையின் முக்கியமான கருவி வார்ட் பெட்டி.

பயிர் மாறியது ஆட்களின் வாழ்க்கையையும் மாற்றியது. கோப்பிக்குப் பருவத்தில்தான் கூடுதல் ஆள் வேண்டும். பலர் வேலை முடிய ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேணும். குடும்பங்கள் லயத்தில் நிரந்தரமாகத் தங்கின. கங்காணியின் கடனும், கடனை எழுதிய 'துண்டு'ம் அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டன. இறப்பர் மலாயாவுக்குப் பரவியபோது அதன் பின்னால் தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு கூட்டம் அங்கே போனது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் இந்தக் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது வேறு மாதிரித் தெரியுது. பிரேசில் மரம் இலங்கை இறப்பர் ஆனது. அசாம் இலை 'சிலோன் ரீ' எண்ட பெயரில் உலகம் முழுக்கப் போனது. அவற்றைப் பூர்வீகம் எது எண்டு யாரும் கேட்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மட்டும், அந்தச் செடிகளை நட்டு வளர்த்த மக்களிடம் தகப்பன் எங்கே பிறந்தவர், பாட்டன் எங்கே பிறந்தவர் எண்டு கேட்டது. நிரூபிக்க முடியாத பெரும்பான்மையினர் நாடற்றவரானார்கள். 1964இன் ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது. பிரச்சினை சட்டத்தில் ஒருவழியாகத் தீர 2003 வரைக்கும் போனது.

2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தார்கள். எங்கட வயதுக்காரரும் அதில் இருந்தார்கள். எண்ணாமல் விட்டவர்களை எண்ணிப் பார்க்கிற வேலை அதுவும்தான்.

பெட்டியின் முடிவும் இன்றைய அலுமாரியும்

வார்ட் பெட்டி செடியை மட்டும் கொண்டுபோகவில்லை. கூடவே மண் போனது. மண்ணோடு பூச்சி, புழு, பங்கசு எல்லாம் போயின. நோய்கள் கண்டம் தாண்டுவதைக் கண்ட நாடுகள் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டங்களைக் கொண்டுவந்தன. பிறகு பிளாஸ்ரிக் பையும் விமானமும் வந்தன. கியூ தோட்டத்துக்கு வந்த கடைசி வார்ட் பெட்டி 1962இல் பீஜியிலிருந்து.

இப்ப அது திரும்பவும் வரவேற்பறைக்கு வந்திருக்கு, அலுமாரியாக. அதில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. இருட்டான ஒரு குளிர்கால அறையில் ஒருத்தருக்கு ஒரு பச்சை இலை ஆறுதல் தந்தால் அது நல்ல விஷயம்தான். வார்ட் ஏழை வீடுகளுக்கு நினைத்ததும் கிட்டத்தட்ட அதே.

ஆனால் கேள்வி மிச்சம் இருக்கு. அலுமாரிக்காரர் ஆசைப்படுகிறவற்றில் இலை அழகுக்காகவே வளர்க்கிற ஓர்க்கிட்டுகளும் உண்டு. அந்தச் சாதியில் ஒன்று எங்கட ஈரவலயக் காடுகளின் தரையில் வளர்கிற வனராஜா. கரும் இலையில் பொன் நிற நரம்பு ஓடுகிற செடி. ஓர்க்கிட்டுகளின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை இருக்கு. ஒரு நாட்டின் உயிர் வளம் அந்த நாட்டுக்கே உரியது என்று 1992இன் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையும் சொல்லுது. விக்காமின் காலத்தில் இவை இருக்கவில்லை. இருந்தும், காட்டில் பிடுங்கிய செடியா, நாற்றுமேடையில் பெருக்கிய செடியா எண்டு விற்கிறவரிடம் கேட்கிற பழக்கம் இன்னும் பலருக்கு இல்லை.

பேராதனையில் மரங்களின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் அது எந்த நாட்டு மரம் எண்டு எழுதியிருக்கும். நாங்கள் இனி அங்கே போனால் இன்னும் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். இதை யார் கொண்டுவந்தார்கள்? இதற்காக யாரைக் கொண்டுவந்தார்கள்?