ட்ரைவர் தொலைந்த லெப்டொப்: ஒரு சின்னச் சரித்திரம்



"சேர், கடையில குடுத்து விண்டோஸ் புதுசா போட்டோம். இப்ப வைபை வருதில்ல, சத்தமும் வருதில்ல." ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கமிருந்து எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கூடுதலாக வரும் முறைப்பாடு இதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட, இந்தத் தொல்லை எங்கே ஆரம்பித்தது என்று ஒரு தடவை எழுதிவைப்போம் என நினைத்தோம். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

ட்ரைவர் என்பது ஒரு சின்ன மென்பொருள். விண்டோஸ் பேசும் பாஷை வேறு, லெப்டொப்புக்குள் இருக்கும் வைபை அட்டை பேசும் பாஷை வேறு. இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது ட்ரைவர். அந்தக் காலத்துத் தோட்டத்தில் துரைக்கும் தொழிலாளருக்கும் நடுவில் கங்காணி நின்ற மாதிரி. (கங்காணி செய்த மற்ற வேலைகள் வேறு கண்ணீர்க் கதை, அதை இங்கே எடுக்கவில்லை.) நடுவில் நிற்பவர் இல்லாவிட்டால் துரையும் இருப்பார், ஆட்களும் இருப்பார்கள், வேலை மட்டும் நடக்காது. உங்கள் லெப்டொப்பில் வைபை அட்டை பழுதில்லை. அதோடு பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

1980களின் டொஸ் காலத்தில் எல்லாருக்கும் பொதுவான மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் ஆளைத் தானே கூட்டிக்கொண்டு வந்தது. அந்நாளில் புகழ்பெற்ற வேர்ட்பெர்பெக்ட் என்ற எழுத்துச் செயலி, நூற்றுக்கணக்கான பிரிண்டர்களுக்கான ட்ரைவர்களைத் தன்னுடைய பிளொப்பி டிஸ்குகளிலேயே கொண்டுவந்தது. 1990இல் வந்து பிரபலமான விண்டோஸ் 3.0 இந்தச் சுமையை இறக்கிவைத்தது. பிரிண்டருக்கு ஒரு ட்ரைவர் போட்டால் விண்டோஸில் ஓடும் எல்லா மென்பொருளுக்கும் அதுவே போதும். பெரிய வசதிதான். ஆனால் அன்றிலிருந்து பிரிண்டர் கொம்பனி அந்த ஒரு ட்ரைவரை எழுதித் தராவிட்டால் எல்லாமே நின்றுவிடும் என்ற நிலையும் வந்தது.

1995 ஓகஸ்ட்டில் விண்டோஸ் 95 வந்தபோது "செருகினால் போதும், தானாக வேலை செய்யும்" என்றார்கள். 1998 ஏப்ரலில் சிக்காகோ கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கேனரை விண்டோஸ் 98 கணினியில் செருகினார். திரை நீலமாகிக் கணினி நின்றது. சபையே சிரித்தது.

உண்மையான அடி விழுந்தது விண்டோஸ் விஸ்டாவில். 2007 ஜனவரி 30ஆம் திகதி அது விற்பனைக்கு வந்தது. திரைக்கான ட்ரைவர் எழுதும் முறையை மைக்ரோசொப்ட் அடியோடு மாற்றியிருந்தது. 64 பிட் விஸ்டாவில், கணினியின் கருவரை போகும் ட்ரைவருக்கு டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயம். எக்ஸ்பியில் நன்றாக ஓடிய பிரிண்டரும் ஸ்கேனரும் ஒரே இரவில் அனாதையாகின. அப்போது "விஸ்டாவுக்கு ஏற்றது" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற லெப்டொப்புகளில் ஒரு பகுதி இன்டெல் 915 என்ற சிப்செட் கொண்டவை. புதிய முறை ட்ரைவர் அதற்கு இல்லாததால் விஸ்டாவின் புதுத் தோற்றம் அவற்றில் ஓடவே இல்லை. வாங்கியவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2009இல் குழு வழக்கு என்ற தகுதியை நீதிமன்றம் நீக்கிவிட்டதால் பெரிய நட்டஈடு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வழக்கால் மைக்ரோசொப்ட்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறத்தாழ 29 வீதம் என்விடியா என்ற ஒரே கொம்பனியின் ட்ரைவர்களால் நடந்தவை என்று அவற்றில் இருந்தது.

விஸ்டாவோடு ஒரு நல்ல காரியமும் நடந்தது, நமக்கு உதவுவது அதுதான். அன்று மாற்றிய அடித்தளத்தை மைக்ரோசொப்ட் பிறகு அவ்வளவாகக் கலைக்கவில்லை. அதனால் விண்டோஸ் 7க்கு எழுதிய ட்ரைவர் பல நேரம் விண்டோஸ் 10இலும் ஓடுகிறது. "இந்த மொடலுக்கு விண்டோஸ் 10 ட்ரைவர் இல்லை" என்று கொம்பனியின் தளம் சொன்னால் கைவிட்டுவிடாதீர்கள். அதே மொடலின் விண்டோஸ் 7 அல்லது 8.1 ட்ரைவரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 32 பிட்டா 64 பிட்டா என்பது மட்டும் பொருந்த வேண்டும்.

சரி, கொம்பனிகள் ஏன் கைவிடுகின்றன? லெப்டொப்பின் மூடியில் இருக்கும் பெயர் உள்ளே இருக்கும் பாகங்களின் பெயர் அல்ல. வைபை ஒருவருடையது, சத்தம் இன்னொருவருடையது, டச்பேட் வேறொருவருடையது. எதெரொஸ் என்ற வைபை கொம்பனியை 2011இல் குவால்கொம் வாங்கியது. சத்தச் சிப் செய்த கொனெக்சன்ட்டை 2017இல் சினப்டிக்ஸ் வாங்கியது. ஒரு காலத்தில் நம்பிக்கைக்குப் பெயர்போன தொஷிபா, 2018இல் லெப்டொப் தொழிலின் பெரும்பங்கை ஷார்ப்பிடம் விற்றது. அந்த லெப்டொப்புகளுக்கு இன்று டைனாபுக் என்று பெயர். பத்து வருடப் பழைய ஒரு லெப்டொப்பை வைத்துக்கொண்டு யாருடைய கதவைத் தட்டுவது? 2019 நவம்பரில் இன்டெல்லும் தன் பழைய மதர்போர்ட்டுகளுக்கான ட்ரைவர்களைத் தளத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. சட்டப்படி அதில் பிழை சொல்ல முடியாது. எங்களுக்கு அது நியாயமாகவும் படவில்லை.

நம்ம தோட்டத்து ஸ்டோரை எடுத்துப் பாருங்கள். ரோதை சுற்றுகிறது, கொழுந்து அரைபடுகிறது. பெல்பாஸ்ட் நகரில் டேவிட்சன் கொம்பனி செய்த சிரொக்கோ உலர்த்தி இயந்திரங்களின் பெயரைப் பழைய ஸ்டோர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. ஆனால் ஒரு பற்சக்கரம் தேய்ந்தால் யாரும் பெல்பாஸ்டுக்குக் கடிதம் எழுதுவதில்லை. தேய்ந்ததைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், அளவெடுத்து, வார்த்து, கடைந்து மாட்டிவிடுகிறார்கள். இரும்பு தன் இரகசியத்தை மறைக்காது. பார்த்தால் தெரியும், அளந்தால் செய்யலாம். ட்ரைவர் அப்படியல்ல. அதை எழுதிய மூலநிரல் கொம்பனியின் பெட்டிக்குள் இருக்கிறது. நமக்குக் கிடைப்பது உள்ளே பார்க்க முடியாத ஒரு கட்டு. அதனால்தான் பாட்டன் காலத்து இயந்திரம் ஓடுகிறது, பேரனின் லெப்டொப் அலுமாரியில் தூங்குகிறது.

இந்த மூடிய பெட்டிக்கு எதிரான கோபமும் ஒரு ட்ரைவரில்தான் ஆரம்பித்தது. 1980ஐ அண்டிய காலம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடம். ஸெரொக்ஸ் கொம்பனி ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கும். ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற நிரலாளர், தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி பழைய பிரிண்டரின் மென்பொருளை ஏற்கனவே திருத்திவைத்திருந்தவர். புதியதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரை நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டெம்பரில் ஸ்டோல்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் வந்தது. லினக்ஸின் பெரும்பாலான ட்ரைவர்கள் அதன் கருவோடு சேர்ந்தே வருகின்றன. பழைய லெப்டொப்பில் லினக்ஸைப் போட்டவுடன் வைபை தானாக எழும்புவதன் இரகசியம் அதுதான்.

எப்போதும் அப்படி எழும்பவில்லை. ப்ரோட்கொம் வைபை சிப்புகள் பல வருடம் மக்கர் பண்ணின. கொம்பனி விபரம் தரவில்லை. தன்னார்வலர்கள் இரு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு ப்ரோட்கொம் ட்ரைவரின் நடத்தையை ஆராய்ந்து விபரக்குறிப்பு மட்டும் எழுதியது. மற்றக் குழு அந்த ட்ரைவரைத் தொடாமல், குறிப்பை மட்டும் பார்த்துப் புதிதாக எழுதியது. 2006இல் அது லினக்ஸில் சேர்ந்தது. பட்டறையில் அளவெடுத்து வார்க்கிறார்களே, அதைக் கணினியில் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

இனி நம்ம மலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு திரை தேவைப்பட்டது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. புது லெப்டொப் கனவாகிவிட்டது. கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்டவை, வெளிநாட்டு உறவினர் அனுப்பியவை, தனவந்தர்கள் பாடசாலைகளுக்குத் தந்தவை, எல்லாம் இரண்டாம் கை. வேகம் குறைந்தால் கடைக்குப் போகும், விண்டோஸ் புதிதாகப் போடப்படும், பழைய ட்ரைவர்கள் அழியும். வைபை ட்ரைவரை எடுக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர வைபை ட்ரைவர் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

இந்தப் பூட்டுக்குப் போன் ஒரு வழி. போனைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். அதற்குரிய ட்ரைவர் விண்டோஸ் 10இலேயே இருப்பதால் இன்டர்நெட் வந்துவிடும். பிறகு டிவைஸ் மெனேஜரில் மஞ்சள் அடையாளம் உள்ளதைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்ட்வெயார் ஐடியைப் பாருங்கள். அதுதான் அந்தப் பாகத்தின் பிறப்புச் சான்றிதழ். முதல் எண் செய்த கொம்பனி, அடுத்தது பாகம். 8086 என்றிருந்தால் இன்டெல். 1978இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற 8086 ப்ரொசஸரின் எண்ணையே அது தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. அந்த ஐடியை மைக்ரோசொப்ட் அப்டேட் கெட்டலொக்கில் போட்டுத் தேடினால், கொம்பனி கைவிட்ட ட்ரைவர்களில் பல அங்கே கிடைக்கின்றன. "எல்லா ட்ரைவரும் ஒரே கிளிக்கில்" என்று கூவும் மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள், வேண்டாத சாமான்களையும் சேர்த்து இறக்கிவிடும்.

கடைக்குக் கொடுக்கும் முன் ஐந்து நிமிட வேலை ஒன்றும் உண்டு. விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ட்ரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெப்போசிட்டரி. அதை அப்படியே ஒரு பென் ட்ரைவுக்குக் கொப்பி பண்ணிவையுங்கள். பிறகு டிவைஸ் மெனேஜருக்கு அந்த இடத்தைக் காட்டினால் பெரும்பாலானவற்றை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்கும் டிபிஎம் 2.0 நம்மிடமுள்ள பழையவற்றில் பெரும்பாலும் இல்லை. ஆகவே வரும் மாதங்களில் இன்னும் பல லெப்டொப்புகள் கடைக்குப் போகும், அழிக்கப்படும். லெப்டொப்போடு வந்த பழைய ட்ரைவர் சீடி உங்கள் வீட்டு லாச்சியில் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். மொடல் இலக்கத்தை மேலே எழுதிப் பிள்ளையிடம் பாடசாலைக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். வேண்டியவர்கள் பென் ட்ரைவோடு வரலாம்.