கல், கொடி, உயிர்: பவளம் பயணம் செய்த வரலாறு

தமிழில் பவளத்தைச் சுட்டும் கூட்டுச்சொற்களுள் மூன்று கவனத்திற்குரியவை. பவளப்பாறை என்னும்போது அது கல். பவளக்கொடி என்னும்போது அது செடி. பவளப்பூச்சி என்னும்போது அது விலங்கு. 'பவளம்' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்தப்படும் வடமொழிப் 'பிரவாளம்' என்பதற்கும் தளிர் என்றும் பவளம் என்றும் இரு பொருள் உண்டு. கல்லுக்கும் தளிருக்கும் ஒரே பெயர் எப்படி அமைந்தது என்பது சொல்லாராய்ச்சிக்கு உரிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் கடலிலிருந்து பவளத்தை எடுத்து வேறிடத்துக்கு அனுப்பிய ஒவ்வொருவரும் இக்கேள்விக்குத் தம் கைகளால் விடை கூறியுள்ளனர். கல் என்று கருதியவர் அதை மூட்டையில் கட்டினார். செடி என்று கருதியவர் நீரில் இட்டுவைத்தார். விலங்கு என்று அறிந்தவருக்கு அதன் மூச்சையும் கழிவையும் கணக்கில் கொள்ள வேண்டிய கடமை வந்தது. உயிர்ப்பவளம் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு வந்து சேர்ந்த வரலாறு இந்த மூன்று விடைகளுக்கு இடையிலான வரலாறே.

முதல் விடையே மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் செலவு நூல், முசிறிப் பகுதித் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளுள் பவளத்தையும் குறிப்பிடுகிறது. உரோமர் முத்தை மதிப்பதுபோல் இந்தியர் பவளத்தை மதித்தனர் என்பது பிளினி தரும் செய்தி. மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்ட அந்தச் செம்பவளம் பல மாதங்கள் பயணம் செய்தும் கெடவில்லை. கெடுவதற்கு அதில் ஏதும் எஞ்சியிருக்கவில்லை. கடலிலிருந்து வெளியே வந்ததுமே அதன் மேல்தோலாகிய உயிருள்ள பகுதி உலர்ந்து உதிர்ந்துவிட்டது. வணிகர் அறிந்ததெல்லாம் எலும்புக்கூட்டை மட்டுமே. எடைபோட்டு விற்பதற்கு அது போதுமானதாக இருந்தது.

1706ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் லூயிஜி பெர்டினாண்டோ மர்சீலி செய்த ஒரு சிறு செயல் இந்த நிலையை மாற்றியது. மீனவர் வலையில் சிக்கிய செம்பவளக் கிளைகளை அவர் உலரவிடவில்லை. கடல்நீர் நிரம்பிய கண்ணாடிக் கலத்தில் இட்டுவைத்தார். சிறிது நேரத்தில் கிளைகளின்மேல் எட்டு இதழ் கொண்ட வெண்ணிறப் பூக்கள் விரிந்தன. பவளம் பூக்கிறது, ஆகவே அது செடியே என்று அவர் முடிவுசெய்தார். இருபதாண்டு கழிவதற்குள் மார்சேயைச் சேர்ந்த மருத்துவர் ழான் அந்துவான் பெசோனெல் அதே வகைச் சோதனையைச் செய்து, அந்தப் 'பூ' உணவு தேடிக் கைகளை நீட்டும் சிறு விலங்கு என்று அறிந்தார். பாரிசின் அறிவியற் கழகத்தில் இக்கருத்தை எடுத்துரைத்த ரெயோமூர் அதை ஏற்கவில்லை. இவ்வளவு விந்தையான கருத்தைச் சொன்னவரின் பெயரையும் வெளியிடாமல் விட்டார். 1750களில் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் பெசோனெலின் கண்டுபிடிப்புக்கு இடம் கிடைத்தது. மர்சீலியும் பெசோனெலும் கண்டது ஒரே காட்சி. பொருள் கொண்டவிதம் மட்டுமே வேறு. ஆனால் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் அறிஞர்கள் பெரும்பாலோர் அந்தக் காட்சியைக் காணவே இல்லை. அவர்கள் மேசைக்குப் பவளம் உயிரோடு வந்து சேர்ந்ததில்லை. படகிலிருந்து மேசைவரை உள்ள தொலைவை நீருக்குள் கடந்தபோதுதான் அதன் இனம் தெரிந்தது.

அந்தத் தொலைவை நீட்டித்தவர் ஆனா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1846இல் டார்க்கே கடற்கரையில் அவர் கல்பவளங்கள் சிலவற்றைச் சேகரித்தார். அவற்றைக் கல்சாடியில் இலண்டனுக்குக் கொண்டுசெல்லும்போது ஒன்றோடொன்று மோதிச் சிதையாமல் இருக்க, ஊசியும் நூலும் கொண்டு கடற்பஞ்சில் தைத்துவைத்தார். நகரில் புதிய கடல்நீருக்கு வழியில்லாததால், திறந்த சன்னலருகே நீரை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் மாற்றி மாற்றி ஊற்றச்செய்தார். அவ்வேலையைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். பின்னர் கடற்பாசிகளையும் கலத்தில் சேர்த்தார். பவளங்கள் பிழைத்ததோடு பெருகவும் செய்தன. இதுபற்றிய அவரது கட்டுரை 1859இல் அச்சேறியது. உடல் மோதாமல் நிறுத்துவது, நீருக்குக் காற்றூட்டுவது என்னும் இரண்டு விதிகளும் அந்தச் சாடியிலேயே கண்டறியப்பட்டுவிட்டன. இன்று சரக்குப் பெட்டியில் இறந்து கிடக்கும் பவளங்களை ஆராய்ந்தால், பெரும்பாலும் இவ்விரு விதிகளுள் ஒன்று மீறப்பட்டிருப்பது தெரியவரும்.

ஆனால் ஆனா தின் வளர்த்தது குளிர்கடல் பவளம்; அது இருளிலும் வாழக்கூடியது. வெப்பமண்டலத் திட்டுகளைக் கட்டும் பவளத்தின் உடற்கூறு வேறு. அதன் திசுவுக்குள் ஒற்றைச்செல் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவே பவளத்தின் ஆற்றலில் பெரும்பங்கு. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற ஆய்வுக்குழுவின் தலைவர் யங், நிக்கல்சுடன் சேர்ந்து 1931இல் வெளியிட்ட ஆய்வுகளில், வெப்பம் முதலிய நெருக்கடிகளுக்கு உள்ளாகும் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுவதைப் பதிவுசெய்தார். நிறமிழந்து வெளுக்கும் அந்த நிலை இன்று கடல் வெப்பமாதலோடு சேர்த்துப் பேசப்படுகிறது. சரக்குப் பெட்டிக்குள் நிகழ்வதும் அதே எதிர்வினையின் சிறிய வடிவம்தான். இங்கே மூன்று பெயர்களும் ஒன்றுசேர்கின்றன. திட்டுப்பவளம் என்பது கல்லின்மேல் அமர்ந்து, தன்னுள் பாசியை வளர்க்கும் விலங்கு. அதை மூடிய பெட்டியில் அனுப்புவது ஒரு தோட்டத்தையும் அதன் தோட்டக்காரரையும் ஒரே இருட்டறையில் பூட்டுவதற்கு ஒப்பானது.

வீட்டுத் தொட்டியில் இவ்வுயிர்களை வைத்திருக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் ஜகார்த்தாவின் லீ சின் எங் முதன்மையானவர். 1961இல் அமெரிக்க இதழொன்றில் வெளியான அவரது முறை மிக எளிமையானது: கடல்நீர், உயிர்கள் ஒட்டிய பாறைத்துண்டுகள், மெல்லிய காற்றுக்குமிழிகள், சூரிய ஒளி. அவருக்குக் கடல் அருகில் இருந்தது. தொலைநாட்டு ஆர்வலருக்கு அந்த அண்மை வாய்க்கவில்லை. விமானச் சரக்கும், ஆக்சிஜன் நிரப்பிக் கட்டும் பாலித்தீன் பையும் அந்த இடைவெளியைக் குறைத்தன. 1980களில் பீட்டர் வில்கென்ஸ், பெர்லினின் டீட்ரிக் ஸ்டூபர் முதலியோர் உயிர்ப்பாறை, புரதம் பிரிக்கும் கருவி, வலிய விளக்கு ஆகியவற்றைக் கொண்டு அக்ரோபோரா போன்ற கடினமான இனங்களையும் வளர்த்துக் காட்டினர். தொட்டியின் அறிவியல் முன்னேறியது. பை மட்டும் ஏறத்தாழ அப்படியே நின்றது.

அந்தப் பைக்குள் நடப்பது மிகத் தெளிவான வேதியியல். இருளில் பாசியின் உணவாக்கம் நின்றுபோகிறது. பாசியும் பவளமும் மூச்சுவிடுவது மட்டும் தொடர்கிறது. ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு மிகுந்து, நீர் அமிலப்பக்கம் சாய்கிறது. துன்புற்ற பவளம் கோழையைச் சுரக்க, அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் எஞ்சிய ஆக்சிஜனையும் உண்கின்றன. கழிவிலிருந்து வரும் அம்மோனியா, அமிலப்பக்கம் சாய்ந்த நீரில் பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாக நிற்கிறது. ஒரு கேடு இன்னொரு கேட்டைத் தற்காலிகமாக அடக்கிவைக்கிறது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது. நீர் மீண்டும் காரப்பக்கம் திரும்ப, அடங்கியிருந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது.

இதனால்தான் பெறுபவரின் கைப்பழக்கம் ஒன்று கேள்விக்குள்ளானது. தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பைநீரில் சேர்த்து, ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ பழக்குவது நெடுங்காலமாக வழங்கிவரும் முறை. குறுகிய பயணம் செய்து நல்ல நீரோடு வந்த பவளத்துக்கு அது பொருந்தும். தாமதமாகி, நீர் கலங்கி, நாற்றமெடுத்து வந்த பையில் அதே பொறுமை தீங்காகிவிடலாம். பவளம் தன் கழிவுக்குள்ளேயே மேலும் ஒரு மணிநேரம் கிடக்க நேரும். அத்தகைய பையை மூடியபடியே தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்செய்து, உப்பளவில் பெரும் வேறுபாடு இல்லையெனில் பவளத்தை உடனே தூய நீருக்கு மாற்றி, பைநீரைக் கொட்டிவிடுவதே தக்கது. பிறகு இறந்த திசுவை மென்மையாகக் கழுவ வேண்டும். அழுகும் கிளையை நலமான பகுதி தொடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளாகவே வெட்டி நீக்க வேண்டும். அயோடின் கலந்த நீரில் சிறிது நேரம் நனைத்துத் தனித்தொட்டியில் மிதமான நீரோட்டத்தில் வைக்க வேண்டும். ஒளியையும் முதல் நாட்களில் குறைத்தே தர வேண்டும். நெடுநேரம் இருளில் இருந்த பாசிக்குத் திடீர் வெளிச்சம் உணவாகாது, சுமையாகிறது. உணவூட்ட விரையும் அன்பும் அந்நாட்களில் நீரைக் கெடுக்கும்.

இத்தனை நுட்பமும் பெறுபவரிடம் வளர்ந்ததற்குக் காரணம் அனுப்புபவரின் மூட்டை. நன்றாகக் கட்டும் முறை அறியப்படாததன்று. பவளத்தைத் தெர்மாகோல் துண்டில் பிணைத்துத் தலைகீழாக மிதக்கவிட்டால் அது பையின் சுவரில் உரசாது. யூபில்லியா போன்ற சதைப்பற்று மிக்க இனங்களுக்கு இது மிக முக்கியம். அவற்றின் மென்திசு தம் எலும்புக்கூட்டின் கூர்விளிம்பிலேயே கிழிந்துவிடும். போதிய நீர், இரட்டைப் பை, வெப்பம் காக்கும் பெட்டி என எல்லாமே நெடுநாள் தெரிந்தவை. ஆனால் விமானச் சரக்கின் கட்டணம் எடைக்கேற்ப ஏறுகிறது. நீர்தான் அந்த எடை. ஒவ்வொரு பையிலும் குறைக்கப்படும் நீர் அனுப்புபவருக்கு இலாபம். பவளத்துக்கு அது குறைந்த மூச்சு. முசிறியில் பவளத்தை நிறுத்த தராசு இன்றும் ஓய்வு பெறவில்லை.

சட்டத்தின் மொழியிலும் இந்த இழுபறி தெரிகிறது. அழிவுநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, 1985இல் சில கல்பவளப் பேரினங்களையும் 1990இல் கல்பவளங்கள் அனைத்தையும் தன் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. உயிருள்ள பொருளை ஏற்றுமதி செய்ய ஒப்புதல் அளிக்கும் அதிகாரி, காயமும் உடல்நலக் கேடும் கொடுமையும் இயன்றவரை நேராதபடி அது கட்டப்பட்டு அனுப்பப்படும் என்று உறுதிகொள்ள வேண்டும் என்பது அதன் விதி. இக்காப்பு 'உயிருள்ளது' என்ற ஒரு சொல்லைச் சார்ந்து நிற்கிறது. 2000ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்று பவளப்பொருள்களுக்கு வரையறை வகுத்தபோது, பிற உயிர்கள் ஒட்டிய பவளப்பாறைத் துண்டை இருவகையாகப் பிரித்தது. நீரில் இடாமல் ஈரமாக மட்டும் பெட்டியில் அனுப்பப்பட்டால் அது 'உயிர்ப்பாறை'. உயிர்ப்பவளம் போலவே நீரில் அனுப்பப்பட்டால் அது 'அடித்தளம்'. பொருள் ஒன்றே, கட்டும் முறை மாறினால் பெயரும் மாறுகிறது. பெயரைக் கொண்டு மூட்டையைத் தீர்மானித்த காலம் போய், மூட்டையைக் கொண்டு பெயரைத் தீர்மானிக்கும் நிலை இது.

எண்ணும் முறையும் இதனோடு ஒட்டியதே. வணிகத் தரவில் உயிர்ப்பவளம் துண்டுக் கணக்கிலும் பாறை பெரும்பாலும் கிலோக் கணக்கிலும் பதிவாகின்றன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கையொன்று உலகக் கல்பவள வணிகத்தை ஆண்டுக்கு 110 முதல் 120 இலட்சம் துண்டுகள் என மதிப்பிட்டது. எல்லையைக் கடந்தவற்றின் எண்ணிக்கையை இத்தகைய தரவு கூறும். கடந்தபின் அவற்றுள் எத்தனை உயிரோடிருந்தன என்பதை அதிலிருந்து அறிய இயலாது. வழியில் இறந்த பவளத்துக்கு மாற்றாக இன்னொன்று அனுப்பப்பட்டால், கணக்கில் இரண்டு உயிர்ப்பவளங்கள் இருக்கும். தொட்டியில் ஒன்றே இருக்கும். திட்டிலிருந்தோ இரண்டு போயிருக்கும். வாங்கியவரின் பணம் ஈடாகிவிடுகிறது. கடலின் இழப்புக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

இந்தியா இக்கேள்விக்கு வேறு வகையில் விடை தந்தது. 2001 ஜூலையில் கல்பவளங்களும் கரும்பவளங்களும் கடல்விசிறிகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இடம்பெற்ற அதே அட்டவணை அது. சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாவில் கல்லாகவே வெட்டியெடுக்கப்பட்டுவந்த ஒன்று, சட்டத்தின் பார்வையில் விலங்காயிற்று. பெசோனெலின் கூற்றை ஓர் அரசு முழுப்பொருளில் ஏற்றுக்கொண்ட நிகழ்வாக இதைக் கொள்ளலாம்.

வணிகம் தொடரும் நாடுகளில் வேறொரு வழி திறந்துள்ளது. ஸ்டூபரின் தொட்டியில் வளர்ந்த அக்ரோபோராவின் கிளைத்துண்டுகள் கைமாறிக் கைமாறி ஐரோப்பாவெங்கும் பரவின. அவற்றுக்காகத் திட்டை மீண்டும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. இன்று பண்ணைகளில் சிறு தாங்கிகளின்மேல் ஒட்டி வளர்க்கப்படும் துண்டுகள் அளவில் சிறியவை, அடிப்பகுதி உறுதியானவை; ஆகவே பயணத்தையும் ஓரளவு நன்றாகத் தாங்குகின்றன. எனினும் பண்ணைத் துண்டும் அதே பையில்தான் வருகிறது, அதே இருளில்தான் மூச்சுவிடுகிறது. ஏற்றும்போது எண்ணுவது போலவே இறக்கும்போதும் உயிரோடுள்ளவற்றை எண்ணிப் பொதுவில் பதியும் வழக்கம் வேரூன்றினால், எந்த மூட்டை கொல்கிறது என்பது தானே வெளிப்படும். அதுவரை அனுப்புமிடத்தில் பவளம் கல்லாகவே நிறுக்கப்படும். அதை உயிராக்கும் பொறுப்பு, நாற்றமெடுத்த பையைப் பிரிப்பவரின் கைகளில் இருக்கும்.