அட்டையில் செய்த கித்தார்

சிற்பம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கல், மரம், வெண்கலம், மிஞ்சிப்போனால் சுடுமண். மளிகைக்கடை வாசலில் நசுங்கிக் கிடக்கும் அட்டைப்பெட்டியை யாரும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக்கலையின் மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்று அட்டையில்தான் நடந்தது. அந்தக் கதையை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் அட்டையைப் பற்றிக் கொஞ்சம். பெட்டி செய்யப் பயன்படும் நெளி அட்டைக்கு 1856-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றபோது அதன் வேலையே வேறு. ஆண்கள் அணியும் உயரமான தொப்பிகளுக்கு உள்ளே வைக்கும் பட்டையாகத்தான் அது பிறந்தது! 1871-இல் நியூயார்க்கில் ஒருவர் பாட்டில்களைப் பொதிய அதைப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகுதான் பெட்டியும் சரக்கு உலகமும்.

இனி 1912-க்கு வருவோம். அந்தக் கோடையில் பிக்காசோவும் அவருடைய நண்பர் பிராக்கும் தெற்கு பிரான்சில் சோர்க் என்ற ஊரில் தங்கியிருந்தார்கள். காகிதத்தை வெட்டி, மடித்து, ஒட்டிச் சிற்பம் செய்யும் வேலையை முதலில் தொடங்கியவர் பிராக்தான். பிக்காசோ ஊரில் இல்லாத நேரத்தில், மரத்தைப் போலவே அச்சடித்த சுவர்க்காகிதத்தை அவினியோன் நகரக் கடை ஒன்றில் வாங்கிவந்து ஓவியத்தில் ஒட்டிப் பார்த்தவரும் அவரே. கொஞ்ச நாள் கழித்துப் பிக்காசோ அவருக்கு எழுதிய கடிதத்தில், உன் காகித வழிமுறையைத்தான் நானும் பின்பற்றுகிறேன் என்ற பொருளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் பாரிசில் பிக்காசோ ஒரு கித்தார் செய்தார். அட்டை, காகிதம், நூல், சணல், கம்பி, இவ்வளவுதான் பொருள். உயரம் 2 அடிக்குச் சற்று அதிகம். பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் செய்தது போலத்தான் இருக்கும். அப்படியானால் இதில் என்ன புதுமை?

அதுவரை சிற்பம் செய்ய இரண்டே வழிகள் இருந்தன. பாறையிலோ மரத்திலோ வேண்டாததைச் செதுக்கி எறிவது ஒன்று. களிமண்ணையோ மெழுகையோ சேர்த்துச் சேர்த்து உருவாக்கி வார்ப்பது மற்றொன்று. இரண்டிலும் கிடைப்பது கனமான, மூடிய ஓர் உருவம். பிக்காசோவின் கித்தாரைச் செதுக்கவும் இல்லை, வார்க்கவும் இல்லை. தட்டையான துண்டுகளை வெட்டி ஒன்றோடொன்று பொருத்தினார், அவ்வளவுதான். உள்ளே வெறும் காற்று. உண்மையான கித்தாரில் பள்ளமாக இருக்கும் ஒலித்துளை இதில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு குழாய்! மேற்கு ஆப்பிரிக்க முகமூடி ஒன்றில் கண்கள் உருளைகளாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததிலிருந்து வந்த யோசனை இது என்று பிக்காசோவின் வியாபாரி கான்வைலர் எழுதியிருக்கிறார். பள்ளத்தை மேடாகக் காட்டினாலும் நம் கண் அதைத் துளை என்றே படித்துக்கொள்கிறது. எனக்கு இந்தக் கித்தாரில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

1913 நவம்பரில் கவிஞர் அப்பொலினேர் தம் பத்திரிகையில் இந்த அட்டை வேலைகளின் புகைப்படங்களை வெளியிட்டார். சந்தாதாரர்களில் பெரும்பாலோர் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு அதே கித்தாரைப் பிக்காசோ தகட்டில் வெட்டிச் செய்தார். 1914 வசந்தத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த தாத்லின் அவருடைய பட்டறையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, தகடும் மரமும் கம்பியும் கொண்டு சுவர் மூலைகளில் தொங்கும் சிற்பங்களைச் செய்யத் தொடங்கினார். பொருத்திச் செய்யும் சிற்பம் என்ற வழி இப்படித்தான் பரவியது.

பிராக்கின் காகிதச் சிற்பங்கள் என்ன ஆயின? ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1914-இல் எடுத்த ஒரு புகைப்படம் மட்டும் இருக்கிறது. பிக்காசோவோ தம் அட்டைக் கித்தாரைச் சாகும்வரை தம்மிடமே வைத்திருந்தார். 1973-இல் அவர் இறந்த பிறகுதான் அது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று வரலாற்றுப் புத்தகங்களில் பிக்காசோவின் பெயர் பெரிதாகவும் பிராக்கின் பெயர் சிறிதாகவும் இருப்பதற்கு, ஒருவருடைய அட்டை பிழைத்ததும் மற்றவருடைய காகிதம் அழிந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். மரக்கூழில் செய்த மலிவான அட்டையில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சம் படப்பட அது பழுப்பேறி நொறுங்கத் தொடங்கும். பிழைத்திருப்பதே பெரிய விஷயம்.

இடையில் நடந்தவற்றை வேகமாகத் தாண்டி 1971-க்குப் போவோம். அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரௌஷன்பர்க் புளோரிடாவில் காப்டிவா என்ற தீவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். அங்கே அவர் கையில் எடுத்தது பழைய அட்டைப்பெட்டிகள். பிரித்து, மடித்து, சுவரில் அடித்தார். ஒட்டுநாடா, முகவரிச் சீட்டு, தண்ணீர்க்கறை எதையும் நீக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் அச்சகம் ஒன்றுடன் சேர்ந்து, பார்ப்பதற்குக் குப்பையில் கிடந்த பெட்டி போலவே இருக்கும் படைப்புகளை மிகுந்த சிரமப்பட்டு அச்சிட்டுப் பல பிரதிகளாக வெளியிட்டார். குப்பையைப் போலச் செய்ய எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்!

1975-இல் அவர் அகமதாபாத் வந்தார். சாராபாய் குடும்பத்தின் விருந்தினராகத் தங்கி, காந்தி ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறையில் வேலை செய்தார். காகிதக் கூழுடன் வெந்தயப் பொடி, புளியங்கொட்டை மாவு, சுண்ணப்பொடி, பிசின், மயில்துத்தம் எல்லாம் கலந்து ஒரு குழம்பு தயாரித்து, அதில் சிற்பங்கள் செய்தார். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, முறத்துக்கும் கூடைக்கும் பூசுவது நம் ஊர்ப் பாட்டிகள் காலம்காலமாகச் செய்த வேலைதானே!

ஏறக்குறைய இதே காலத்தில் சாந்திநிகேதனில் இன்னொருவர் காகிதக் கூழைக் கையில் எடுத்திருந்தார். அவர் சோம்நாத் ஹோர். 1921-இல் சிட்டகாங்கில் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்பது பரவலான கணக்கு. அப்போது ஓவியர் சித்தப்ரசாத் கொடுத்த ஊக்கத்தில், தெருவில் கிடந்தவர்களை நேரில் பார்த்து வரைந்து கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்குக் கொடுத்தவர் ஹோர். அந்தக் காட்சிகள் அவரை விடவே இல்லை.

1970-களின் தொடக்கத்தில் 'காயங்கள்' என்ற வரிசையைத் தொடங்கினார். களிமண் பலகையைக் கத்தியால் கீறுவார், சூடான கம்பியால் குத்துவார். அதன்மேல் சிமெண்ட் அச்சு எடுத்து, அச்சில் காகிதக் கூழை ஊற்றிக் காயவைப்பார். கிடைப்பது ஒரு வெள்ளைத் தாள். மை இல்லை, வண்ணம் இல்லை, உருவம்கூட இல்லை. வெள்ளைமேல் வெள்ளையாகக் கிழிசலும் கொப்புளமும் தழும்பும் மட்டும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். தோல் என்று எங்கேயும் எழுதவில்லை, ஆனால் பார்ப்பவர் தொடத் தயங்குவார். இந்த வேலையைக் கல்லில் செய்திருந்தால் வலித்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகு ஹோர் வெண்கலத்துக்கும் போனார். வியட்நாம் மக்களுக்காகத் தாயும் சேயுமாக ஒரு பெரிய சிலையைப் பல காலம் உழைத்துச் செய்தார். 1977-இல் கலாபவனத்திலிருந்தே அது திருடப்பட்டது, திரும்பக் கிடைக்கவில்லை. அவர் 2006-இல் காலமானார். கூழில் எடுத்த அந்த வெள்ளைத் தாள்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.