கொட்டாஞ்சேனைப் பங்கும் அதன் கல்விச்சாலையும்

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையிலே புனித லூசியாள் பேராலயம் நெடிதோங்கி நிற்கின்றது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கோவையிலிருந்து வந்த குருமார் 1760ஆம் ஆண்டளவில் இங்கே அமைத்தது கிடுகு வேய்ந்த சிறு கோயிலே. 1834இல் இலங்கை, கொச்சி மறைமாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தனித் திருச்சபைப் பிரிவாயிற்று. அதன்பின் கொட்டாஞ்சேனை அப்பிரிவின் தலைமைத் தானமாக வளர்ந்தது.

கோயில் எழுந்த இடத்தில் பள்ளியும் எழுதல் கீழைத்தேயத்துக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியும் பௌத்த பிரிவெனாவும் அவ்வழி வந்தவையே. 1865இல் சில்வெஸ்திரின் ஆசீர்வாதப்பர் சபைக் குருமார் இங்கு நிறுவிய கல்விச்சாலையே பின்னர் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி எனப் பெயர் பெற்றது. மேற்றிராணியார் ஹிலாரியன் சில்லானி அக்காலத்தில் கொழும்புத் திருச்சபைக்குத் தலைவராயிருந்தார். 1868இல் டிலாசால் சகோதரர்கள் கல்லூரிப் பொறுப்பை ஏற்றனர். அடுத்த ஆண்டில் நல்லாயன் கன்னியர் மடம் பெண்பிள்ளைகளின் கல்விக்கு வழிகோலிற்று.

அவ்வாண்டுகள் இலங்கைக் கல்வி வரலாற்றிலும் திருப்புமுனையாயின. சமயச் சார்பற்ற பாடசாலைகளையே அரசினர் ஆதரிக்க வேண்டும் என்று ஒருசாரார் கூறினர். ஒவ்வொரு சமயத்தவரும் தத்தம் பாடசாலையை நடத்த அரசு உதவ வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து வாதிட்டவர் பொன்ஜீன் அடிகளார். மோர்கன் குழுவினர் 1867இல் அறிக்கை அளித்தனர். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்ற, சமயப் பாடசாலைகளுக்கு உதவிநன்கொடை வழங்கும் முறை வலுப்பெற்றது.

கத்தோலிக்கர் வேண்டிப் பெற்ற இவ்வழி பிறர்க்கும் பயன்பட்டது. ஆறுமுக நாவலர் 1848இல் அரசுதவியின்றி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கியவர். அவர் காட்டிய நெறியில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. பின்னர், 1923இல், சைவ வித்தியா விருத்திச் சங்கம் அமைந்தது. தன் பிள்ளை தன் சமயச் சூழலிலே கற்றல் வேண்டும் என்ற பெற்றோர் விருப்பம் கொட்டாஞ்சேனைக்கும் வண்ணார்பண்ணைக்கும் பொதுவாயிருந்தது.

எனினும், சமயப் பற்று அயலாரைப் பிரிக்கும் மதிலாகவும் மாறக்கூடும். 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்தார்க்கும் கத்தோலிக்கர்க்கும் மூண்ட கலகம் அதனை உணர்த்திற்று. தமிழரும் சிங்களவரும் பரங்கியரும் பரதரும் கொழும்புச் செட்டிகளும் அடுத்தடுத்து வாழும் ஊரில், சமயப் பாடசாலை தன் மாணவரை அயலார்க்கு அந்நியராக்காது வளர்த்தல் எளிதான பணியன்று.

பாடசாலை எவருடையது என்ற வினா 1960இல் முற்றி நின்றது. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையை அரசுக்கு மாற்றியது. முதலிரண்டு தரப் பாடசாலைகள் விரும்பின் தனித்து நிற்கலாம். ஆயின் அரசுதவியும் இல்லை. மாணவரிடம் கட்டணம் அறவிடவும் இயலாது. தரங்குறைந்த சிறு பாடசாலைகளுக்கு அத்தெரிவும் இல்லை. கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பாடசாலைகளிலேயே தங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1961இன் தொடக்கத்தில் பம்பாய்க் கருதினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசினார். அதன்பின் அப்போராட்டம் தணிந்தது.

புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நிற்கத் துணிந்தது. நன்கொடையும் கட்டணமும் அற்ற நிலையில், அத்தகைய பாடசாலைகளைத் தாங்கியவை பெற்றோர், பழைய மாணவர், துறவியர் ஆகியோரின் கொடையும் உழைப்புமே. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியோ சைவ வித்தியா விருத்திச் சங்கப் பாடசாலைகளோடு அரசின்கீழ்ச் சென்றது. இரண்டு முடிவுக்கும் தக்க காரணம் உண்டு. கிராமப் பிள்ளைக்கும் நகரப் பிள்ளைக்கும் சமவாய்ப்பு அளித்தல் அரசின் கடன். பிள்ளையின் நெறியைத் தெரிதல் பெற்றோரின் உரிமை. ஒன்றைக் காக்க மற்றொன்றை இழத்தல் தகாது.

அரசு பொறுப்பேற்ற பாடசாலையாயினும் தனித்து நிற்கும் பாடசாலையாயினும், அதனைத் தமதென்று எண்ணித் தாங்குவோர் உள்ளவரையிலேயே அது வாழும். கொட்டாஞ்சேனையின் வரலாறு இந்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்க்கும் நினைவுறுத்துவது இதுவே.