சேலையூர் மண்ணுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்

1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, பாரிமுனை நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. கிடைத்த இடம் சேலையூர்ப் புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸுக்கோ செடிகொடிகள்மேல்தான் உயிர். வளாகத்தின் பசுமைக்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அது மண்ணுக்கு மேலே நடந்த கதை. கீழே நடப்பது அதைவிடப் பழசு. வேம்பு, புளி வேர்களுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. மரம் சர்க்கரை தருகிறது. பூஞ்சையோ வேர் எட்டாத இடங்களுக்கு இழையை நீட்டி மணிச்சத்தை இழுத்து வருகிறது. ஸ்காட்லாந்தில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுத் தொல்லெச்சங்களிலேயே இந்த உறவு பதிந்திருக்கிறது.

மனிதர்கள் இந்த வேர்–பூஞ்சை உறவுக்கு ‘மைகோரைசா’ என்று பெயர் வைத்தது 1885இல்தான். பிரஷ்ய அரசுக்காக டிரஃபிள் காளான் வளர்க்க வழி தேடிய ஆல்பர்ட் ஃபிராங்க், அதில் தோற்று, இதைக் கண்டார். நல்ல தோல்வி!

மைகோரைசா பற்றிய முதல் ஆசிய மாநாடு 1988இல் சென்னையில் கூடியது. முன்னின்று நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத் தாவரவியல் துறை.

பூஞ்சையைப் பார்ப்பதும் எளிதுதான். மெல்லிய வேரைக் காரக் கரைசலில் வேகவைத்து, டிரைபான் நீலம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால், வெளுத்த வேர்ச்செல்லுக்குள் குட்டி மரம்போல் நீலக் கிளைகள் விரிந்திருக்கும்.

இன்று உழவர்கள் அதை ‘வேம்’ என்று பொட்டலமாக வாங்குகிறார்கள். நாற்றங்காலில் விதைக்கு அடியில் தூவ வேண்டும். உயிருள்ள வேர் இல்லாமல் அது வளராது. முள்ளங்கிக்கும் முட்டைக்கோஸுக்கும் போடுவது வீண்செலவு. அவை சேர்ந்த தாவரக் குடும்பம் இந்தப் பூஞ்சையை அண்டவிடுவதில்லை.