கமெராவைச் சுமந்த தோள்கள்

மலையேறப் புறப்படும் இளைஞர்கள், எந்தக் கமெராவைக் கொண்டுபோவது என்று என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. பத்திரிகைத் தொழிலில் புகைப்படப்பிடிப்பாளர்களுடன் நெடுங்காலம் அலைந்தவன் என்பதே காரணம். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, "அதை யார் சுமக்கப் போகிறார்கள்?" என்பதைத்தான். மலைப் புகைப்படக்கலையின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வியின் வரலாறே.

1851 இல் ஆங்கிலேயரான ஃபிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது உலருமுன்னரே படமெடுத்து, அவ்விடத்திலேயே உருத்துலக்க வேண்டும். எனவே கமெராவுடன் இருட்டறைக் கூடாரமும், இரசாயனப் போத்தல்களும், கண்ணாடித் தகடுகளும் மலையேறின. 1861 இல் பிரெஞ்சுக்காரரான பிஸ்ஸோன், மொன்ற் பிளாங் உச்சியில் படமெடுக்கச் சென்றபோது 25 சுமைகாரர்கள் உடன் சென்றனர்.

இமயமலையில் நிலைமை இன்னும் கடுமையானது. 1863 இல் சிம்லாவிலிருந்து புறப்பட்ட சாமுவேல் போர்ன், ஏறத்தாழ 30 கூலிகளை அழைத்துச் சென்றார். 1866 இல் 18,600 அடி உயரமான மணிரங் கணவாயிலும் படமெடுத்தார். அவருடைய படங்கள் இன்றும் வியக்கவைப்பவை. ஆனால் சுமக்க மறுத்து ஓடி ஒளிந்தவர்களைத் தேடிச் சென்று தடியால் அடித்ததையும் அவரே இங்கிலாந்துப் புகைப்படச் சஞ்சிகையில் எழுதியிருக்கிறார். அதை எழுத அவர் கூச்சப்படவில்லை என்பதே அக்காலத்தைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறது.

1871 இல் மருத்துவர் மடொக்ஸ் ஜெலற்றின் உலர்தகட்டு முறையை வெளியிட்டார். அது மேம்பட்டுச் சந்தைக்கு வந்தபின் இருட்டறைக் கூடாரம் தேவையற்றுப் போயிற்று; கண்ணாடியின் பாரம் மட்டும் குறையவில்லை. இத்தாலியரான விற்றோரியோ செல்லா, 30×40 சென்ரிமீற்றர் தகடுகளுடன் அல்ப்ஸ் சிகரங்களில் ஏறியவர். பிற்காலத்தில் அவரும் 20×25 சென்ரிமீற்றர் கமெராவுக்கு இறங்கிவந்தார். 1909 இல் கே-2 மலையை அவர் எடுத்த படங்களைப் பார்ப்பவர்கள், அளவைக் குறைத்ததால் ஏதும் இழப்பு நேர்ந்ததாகச் சொல்லமாட்டார்கள்.

பெரிய மாற்றம் 1912 இல் கொடக் நிறுவனம் வெளியிட்ட 'வெஸ்ற் பொக்கெற்' கமெராவுடன் வந்தது. மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும், சுருள்படம் பயன்படுத்தும். 1924 இல் எவரெஸ்ற்றின் இறுதி ஏற்றத்துக்கு ஜோர்ஜ் மலோரி கொண்டுசென்றது இதைத்தான். இரவல் கொடுத்தவர் சக மலையேறியான ஹவர்ட் சொமர்வெல். கன்னியாகுமரிப் பகுதியில் நெய்யூர் மருத்துவமனையில் நீண்டகாலம் பணியாற்றிய அதே சத்திரசிகிச்சை நிபுணர்தான் அவர். மலோரியும் ஏர்வினும் ஜூன் 8 ஆம் திகதி மறைந்தனர். மலோரியின் உடல் 1999 இலும், ஏர்வினின் பாதம் 2024 இலும் கிடைத்தன. அவர்கள் உச்சியை அடைந்தார்களா என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய அந்தச் சிறு கமெரா அவற்றுடன் கிடைக்கவில்லை.

1953 மே 29 இல் ஹிலாரி உச்சிக்குக் கொண்டுசென்றதும் சிறிய கொடக் றெற்றினா கமெராவே. குளிரில் பழுதாகாதிருக்க அதைச் சட்டைக்குள் வைத்திருந்தார். உச்சியில் நின்ற சுமார் 15 நிமிடங்களில் டென்சிங்கைப் படமெடுத்தார். ஏறியதற்கு ஆதாரமாக நாற்புறமும் எடுத்தார். ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் கிடையாது. போர்னின் காலத்தில் சுமைகாரர் சுமந்தார், துரை படமெடுத்தார். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, சுமைகாரராகத் தொழிலைத் தொடங்கிய டென்சிங் படத்தில் நிற்க, வெள்ளைக்காரர் கமெராவைத் தாமே சுமந்துசென்று அவரைப் படமெடுத்தார். கமெரா சிறுத்ததும் இதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை எளியது. மூச்சு வாங்கும் ஏற்றத்திலும் நீங்களே சுமந்து, நீங்களே எடுத்து இயக்கக்கூடியதைக் கொண்டுபோங்கள். அது கையடக்கத் தொலைபேசியாக இருந்தாலும் குறைவில்லை. மின்கலத்தை மட்டும் ஹிலாரியைப்போலச் சட்டைக்குள் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொதியைச் சுமக்க ஒருவர் உடன்வந்தால், அவரையும் ஒரு படமெடுத்து, பெயரைக் கேட்டுக் குறித்துவையுங்கள்.